உப்புக்காரி உலகாயியும் குரைக்காத நாயும்

முன்னொரு காலத்திலே, மிருகங்களும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்திலே, செம்பாறைப்பட்டணம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்தப் பட்டணத்திலே உலகாயி என்றொரு உப்புக்காரி இருந்தாள். கழுதை முதுகில் இரண்டு பக்கமும் உப்பு மூட்டையைத் தொங்கவிட்டு, "உப்போ உப்பு" என்று கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கோபம் நிறைய இருந்தது.

அது சும்மா வருகிற கோபம் இல்லை. எவனாவது மாட்டின் வாலை முறுக்கினால் வரும். எவளாவது பூனைமேல் கொதிநீரை ஊற்றினால் வரும். வந்துவிட்டால் உப்பு விற்கிறதையும் மறந்து, அந்த வீட்டு வாசலிலேயே நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நகருவாள். அவள் தலை தெரு முனையில் தெரிந்தாலே வண்டிக்காரர்கள் சாட்டையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

அவள் வீட்டிலே மூன்று உயிர்கள் இருந்தன. உப்புச் சுமக்கும் கழுதை பொதியன். அதற்கு இடது காது பாதிதான். கறுப்புப் பூனை மிளகி. அதற்கு ஒற்றைக் கண். வெள்ளை வாத்து அதட்டி. அதற்கு ஒரு கால் நொண்டி. மூன்றும் அவள் யாரிடமோ சண்டை போட்டு வாங்கி வந்தவை.

ஒரு நாள் உலகாயி அரண்மனைக் களஞ்சியத்துக்கு உப்பு கொண்டுபோனாள். முன்வாசலில் நெல் வண்டிகள் நெரிசலாக நின்றதால், பொதியனை ஓட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றினாள். அங்கேதான் அதைப் பார்த்தாள்.

சுவரோரத்தில், நிழல் விழாத இடத்தில், ஒரு முளைக்குச்சியில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. நம் ஊர் நாய் இல்லை. கப்பலில் வந்த வணிகர் ராஜாவுக்குப் பரிசாகக் கொடுத்த ஜாதி. முழங்கால் உயரம். கம்பி கம்பியாக முடி, மூஞ்சியைச் சுற்றித் தாடியும் மீசையும். எலி வளைக்குள் தலையை விட்டு எலியைக் கவ்வி இழுப்பதற்கென்றே பிறந்த ஜாதி. ஆனால் அந்தத் தாடி சேற்றில் ஒட்டிப் பிடித்து, கட்டிகட்டியாகத் தொங்கியது. முடிக்கு அடியில் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். கழுத்திலிருந்த இரும்பு வளையம் தோலைக் கிழித்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. ஒன்றரை முழம் சங்கிலி. அந்த ஒன்றரை முழத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, மண்ணே வட்டமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. பக்கத்தில் ஒரு சட்டி. சட்டியில் தண்ணீர் இல்லை. என்றைக்கோ தண்ணீர் இருந்ததற்கு அடையாளமாகக் காய்ந்த பாசி மட்டும் இருந்தது.

நாய் அவளைப் பார்த்தது. வாயைத் திறந்தது. கழுத்து விடைத்தது, வயிறு உள்ளே போனது. குரைக்கிற நாய் என்னென்ன செய்யுமோ அத்தனையும் செய்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

உலகாயிக்குக் காது மடல் சூடேறிற்று.

பின்வாசல் காவல்காரன் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் போனாள்.

"ஏன் தம்பி, இந்த நாய்க்கு யார் தண்ணீர் வைக்கிறது?"

காவல்காரன் வெற்றிலையைப் பார்த்தபடி, "எந்த நாய்?" என்றான்.

மடைப்பள்ளிச் சமையல்காரி அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட வந்தாள். நாய்க்கு இரண்டடி தள்ளி, சாக்கடையில் ஊற்றினாள். உலகாயி அவளிடம் போனாள்.

"ஏனக்கா, அந்தக் கழுநீரை இந்த நாய்க்கு ஊற்றினால் என்ன?"

சமையல்காரி குண்டானைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, "எந்த நாய்?" என்றாள்.

அந்த நேரம் மந்திரியின் பல்லக்கு வந்து இறங்கியது. மந்திரி இறங்கி, பட்டு வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, சங்கிலியை ஒரே எட்டில் தாண்டினார்.

"மந்திரி ஐயா, இந்த நாய் என்ன பாவம் செய்தது?"

"எந்த நாய்?" என்றார் மந்திரி. சங்கிலியைத் தாண்டிய கால் இன்னும் முழுசாகத் தரையில் பதியவில்லை.

எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. நேரில் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? உலகாயி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். எடுத்து, களஞ்சியத்தின் பெரிய கதவில் ஓங்கி எறிந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மூன்றாவது கல்லுக்குக் கதவு திறந்தது.

வெளியே வந்தவன் களஞ்சிய அதிகாரி அஞ்சனன். அதிகாரி என்பது ஊருக்கு. உள்ளுக்குள்ளே அவன் மந்திரவாதி. சின்னக் கண், முன்னால் நீண்ட இரண்டு பல், மெலிந்த மீசை. எதையாவது மென்றுகொண்டே இருக்கும் தாடை. இடுப்பிலே ஒரு செப்புச் சிமிழ் தொங்கியது.

"என்ன உப்புக்காரி, கதவை உடைக்கப் பார்க்கிறாயா?"

"அந்த நாயை எனக்குக் கொடு."

அஞ்சனன் சிரித்தான். "நாயா? அதைவிட நல்லதாக ஒன்று கேள்."

"அந்த நாயை எனக்குக் கொடு."

"ஒரு மூட்டை சம்பா நெல் தருகிறேன். கழுதையில் ஏற்றிக்கொண்டு பேசாமல் போ."

"நெல்லை நீயே தின்னு. அந்த நாயை எனக்குக் கொடு."

அஞ்சனன் முகம் வெளிறியது. மந்திரவாதிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. மந்திரத்தால் கட்டிய பொருளை ஒருவர் மூன்று முறை வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் மந்திரம் சொன்னவனையே கடிக்கும். உலகாயிக்கு இது தெரியாது. கோபத்தில் கேட்டாள், மூன்று முறை கேட்டாள், அவ்வளவுதான்.

"கொடுக்கிறேன்" என்றான் அஞ்சனன், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனால் கேட்டுக்கொள். இதன் குரைப்பு என் இடுப்பில், இந்தச் சிமிழுக்குள் இருக்கிறது. விலைக்கு வாங்கினாலும் வராது, அடித்தாலும் வராது, கெஞ்சினாலும் வராது. இந்த நாய் ஒரு வீட்டை 'இது என் வீடு' என்று நினைத்தால்தான் சிமிழ் திறக்கும். நாற்பத்தெட்டு நாள் தருகிறேன். அதற்குள் குரைத்தால் நாய் உனக்கு. குரைக்காவிட்டால் நாய் திரும்ப எனக்கு. உன் வீட்டில் மூன்று உயிர் வைத்திருக்கிறாயாமே, அவையும் எனக்கு. இதே சுவர், இதே வெயில், இதே சங்கிலி."

"சரி" என்றாள் உலகாயி.

யோசித்துச் சொன்ன சரி இல்லை. கோபம் அவளை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

சங்கிலியோடு நாயைத் தூக்கினாள். தூக்கிய நொடியில் அது அவள் முன்கையைக் கடித்தது. கடித்த வாயை விடவில்லை. அப்படியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவரை நடந்தாள். பக்கத்தில் நடந்த பொதியன் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாய் அடுப்படிக்குப் பின்னால், சாம்பல் கொட்டும் மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. அப்போதுதான் பொதியன் வாயைத் திறந்தது. நடந்ததை மிளகிக்கும் அதட்டிக்கும் சொன்னது.

"எங்களைக் கேட்டாயா?" என்றது பொதியன்.

உலகாயி கடிபட்ட கையில் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாய்க்காகக் கோபப்பட்டாய், சரி. எங்களை எடுத்துப் பந்தயம் வைத்தாயே, நாங்கள் என்ன உன் உப்பு மூட்டையா?"

"எனக்கு இருப்பது ஒரு கண்" என்றது மிளகி. "அந்த ஒரு கண்ணால் இனி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டுமா?"

"நான் போக மாட்டேன்" என்றது அதட்டி. "அவ்வளவுதான். போக மாட்டேன்."

உலகாயி ஊரிலே எத்தனையோ பேரை வாயடைக்க வைத்தவள். அன்றைக்கு அவள் வாயடைத்து நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மூன்றின் முகத்தையும் பார்த்து, "தப்புப் பண்ணிவிட்டேன். அவன் வந்தால் சங்கிலிக்கு என் கழுத்தைக் கொடுப்பேன், உங்களைக் கொடுக்க மாட்டேன்" என்றாள்.

"கழுத்து உன்னுடையது. கேட்டது எங்களை" என்றது மிளகி. ஓட்டின் மேலே ஏறிப் போய்விட்டது.

முதல் வாரம் முழுக்க ரணகளம். இரும்பு வளையத்தை அறுத்து எடுக்கக் கொல்லனை அழைத்து வந்தாள்; கொல்லனையும் கடித்தது. புண்ணில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். பூசிய கையைக் கடித்தது. சோறு வைத்தால் சட்டிமேல் படுத்துக்கொண்டு தின்றது. தின்று முடித்த பிறகும் வெறும் சட்டியை விட்டு நகராது.

அதைவிட மோசம், அதற்கு உறுமவும் முடியாது. மற்ற நாய் என்றால் உறுமும், கேட்டவர்கள் விலகிவிடலாம். இதற்கு உதடு மட்டும் மேலே போகும். அடுத்த நொடி பல் பதிந்துவிடும். அப்படித்தான் நான்காம் நாள், சட்டிக்கு அருகில் சிந்திய சோற்றுப் பருக்கையைக் கொத்தப் போன அதட்டியின் சிறகில் ஒரு கொத்தைப் பிடுங்கிவிட்டது. வெள்ளைச் சிறகு முற்றமெல்லாம் பறந்தது.

அதட்டி போட்ட கூச்சலில் உலகாயி ஓடிவந்தாள். நாலு நாள் கடி வாங்கிய வலி, மூன்றும் முகம் கொடுத்துப் பேசாத வலி, எல்லாம் சேர்ந்து உச்சிக்கு ஏறியது. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து ஓங்கினாள்.

நாய் ஓடவில்லை. கடிக்கவும் இல்லை. தரையோடு தரையாகப் படுத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அதற்கு அடியிலிருந்து மூத்திரம் மெல்ல ஓடிவந்து உலகாயியின் கால் விரலைத் தொட்டது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. இந்த நாய்க்கு என் முகமும் அஞ்சனன் முகமும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. எந்தக் கோபத்தில் இதைத் தூக்கி வந்தாளோ, அதே கோபத்தைத்தான் இதன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். கொல்லைப்புறம் போனாள். உரலில் இரண்டு படி கல்லுப்பைக் கொட்டி, உலக்கையை எடுத்து இடித்தாள். அஞ்சனனை நினைத்து இடித்தாள். காவல்காரனை, சமையல்காரியை, மந்திரியை நினைத்து இடித்தாள். கடைசியில் தன்னையே நினைத்து இடித்தாள். உப்பு மாவாகிற வரைக்கும் இடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மெதுவாக நடந்து உள்ளே வந்தாள்.

அன்றையிலிருந்து அதுதான் வழக்கம். கோபம் வந்தால் கொல்லைக்குப் போவாள். அந்த மாதம் செம்பாறைப்பட்டணம் முழுக்கத் தூள் உப்புதான் சாப்பிட்டது.

நாயிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. வா என்று கூப்பிடவில்லை, தொடவில்லை. சோற்றை வைத்துவிட்டு நாலடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். மறுநாள் மூன்றரை அடி. அதற்கடுத்த நாள் மூன்றடி. பதினோராம் நாள் அவள் முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. நாயின் மூக்கு. அவள் திரும்பவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கீரைமேல் சொட்டியது.

மிளகி ஓட்டின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் இறங்கி வந்து சொன்னது: "நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. கடிப்பதற்கு முன்னால் அதன் தாடி விறைக்கிறது. அதுதான் அதன் உறுமல். தாடி விறைத்தால் விலகிப் போங்கள்." அதற்குப் பிறகு யாரும் கடிபடவில்லை. அன்றைக்குத்தான் அதற்குப் பெயரும் வந்தது. தாடி.

முதலில் நெருங்கியது பொதியன். ஒரு மத்தியானம் தாடி சாம்பல் மூலையிலிருந்து எழுந்து, தயங்கித் தயங்கி வந்து, பொதியனின் பின்னங்கால்களுக்கு நடுவே சுருண்டு தூங்கிவிட்டது. கழுதையின் பின்னங்கால் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். முதுகில் ஈ மொய்த்தது, பொதியன் அசையவில்லை. தண்ணீர்த் தாகம் எடுத்தது, அசையவில்லை. சாயங்காலம் தாடி தானாக எழுந்த பிறகுதான் காலை உதறிற்று. "இந்தச் சின்னதின்மேல் எனக்குக் கோபமில்லை, உன்மேல்தான் கோபம்" என்று உலகாயியிடம் சொன்னது. அத்தனை நாள் கழித்து அது பேசியதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாவது மிளகி. மூடிய கதவின் அந்தப் பக்கம் ஒரு சட்டி, இந்தப் பக்கம் ஒரு சட்டி வைத்து இரண்டுக்கும் சோறு போட்டாள் உலகாயி. பத்து நாள் கழித்துக் கதவை ஒரு விரல் திறந்து வைத்தாள். பிறகு ஒரு சாண். பிறகு முழுக்க. ஒரு காலை, மிளகி தின்று முடித்து, தாடியின் சட்டியையும் எட்டிப் பார்த்தது. தாடியின் மீசைகூட அசையவில்லை.

மூன்றாவது அதட்டி. அது மட்டும் நெருங்கவில்லை. "என் சிறகு திரும்ப முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றது. தாடி முற்றத்தில் நடந்தால் அது கூடையில் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். உலகாயி வற்புறுத்தவில்லை. சிறகு போனது அதட்டிக்குத்தானே.

முடி கருகருவென்று வளர்ந்தது. விலா எலும்பு மறைந்தது. கழுத்துப் புண் ஆறித் தழும்பாயிற்று. தாடி வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தது. ஆனால் வாசற்படியைத் தாண்டாது. வாசல் பக்கம் யார் நிழல் விழுந்தாலும் சாம்பல் மூலைக்கு ஓடிவிடும். குரைப்பும் வரவில்லை. முப்பது நாள், நாற்பது நாள், நாற்பத்தேழு நாள். கொல்லையில் உரல் சத்தம் ஓயவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் உச்சிவெயிலில் அஞ்சனன் வந்தான். பின்னால் இரண்டு சேவகர்கள், தோளில் நான்கு சங்கிலி. தெருவே திரண்டு வேடிக்கை பார்க்க வந்தது. ராஜாவும் மந்திரியும்கூடப் பல்லக்கில் வந்து தெருமுனையில் நின்றார்கள்.

உலகாயி வாசலை மறித்து நின்றாள். "சங்கிலியை என் கழுத்தில் போடு. அவை எதுவும் உன்னோடு பந்தயம் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்."

"நான் கேட்டது உன்னை இல்லையே" என்றான் அஞ்சனன். ஒரு சேவகன் உலகாயியின் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான். மற்றவன் உள்ளே போகக் காலெடுத்து வைத்தான். பொதியன் உதைத்த உதையில் வெளியே வந்து விழுந்தான். மிளகி அவன் முகத்தில் ஐந்து கோடு போட்டது.

அஞ்சனன் தானே உள்ளே போனான். சாம்பல் மூலையைப் பார்த்து, "வா" என்றான்.

தாடி வந்தது. உடம்பெல்லாம் நடுங்க, வயிறு தரையில் உரச, ஊர்ந்து வந்து அவன் காலடியில் படுத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"பார்த்தாயா உப்புக்காரி? நாற்பத்தெட்டு நாள் சோறு போட்டாய். நான் ஒரு வார்த்தை சொன்னேன்." சிரித்துக்கொண்டே திரும்பினான். கூடையில் உட்கார்ந்திருந்த அதட்டியைக் கண்டான். "முதலில் இந்த வாத்து" என்று அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான்.

அதட்டிக்குக் கத்தக்கூட முடியவில்லை. வாயைத் திறந்தது, சிறகை அடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

தாடி கண்ணைத் திறந்தது.

திறந்து, சத்தம் வராமல் திறந்திருக்கும் அந்த வாயைப் பார்த்தது. எழுந்து நின்றது. நான்கு கால்களும் நடுங்கின, ஆனாலும் நின்றன. மூஞ்சியில் தாடி விறைத்தது. முதுகு முடி வரிசையாக எழுந்தது. பிறகு அது குரைத்தது.

அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய குரைப்பு வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வெகுகாலம் அடைத்து வைத்திருந்த குரைப்பல்லவா. ஓடு அதிர்ந்தது, உறியில் இருந்த பானை அதிர்ந்தது, தெருவில் நின்றவர்களின் நெஞ்சு அதிர்ந்தது. அஞ்சனன் இடுப்பிலிருந்த செப்புச் சிமிழ் படாரென்று வெடித்துச் சிதறியது. அதட்டியை விட்டுவிட்டு அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கை சுருங்கியது. கால் சுருங்கியது. மூக்கு நீண்டது, பின்னால் வால் முளைத்தது. அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஒரு கொழுத்த பெருச்சாளி வெளியே வந்து விழுந்தது.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருச்சாளி மந்திரம் படித்து, மனித வேஷம் போட்டு, களஞ்சிய அதிகாரியாகி உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் தெரியவில்லை. தாடிக்கு மட்டும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் அஞ்சனன் அதன் குரைப்பைப் பறித்தான். கொல்லவும் முடியாது, நாய் செத்தால் சிமிழ் வெடித்துவிடும். அதனால் சாகாத அளவுக்குத் தவிடும், பிழைக்காத அளவுக்கு வெயிலும் கொடுத்துக் கட்டிப்போட்டிருந்தான்.

பெருச்சாளி ஓடியது. தாடி வாசற்படியை ஒரே பாய்ச்சலில் தாண்டித் துரத்தியது. தெருவெல்லாம் ஓடி, பல்லக்குக்கு அடியில் புகுந்து, களஞ்சியத்தின் பின்சுவருக்குப் போய், முளைக்குச்சிக்குப் பக்கத்தில் அதை மூலையில் மடக்கியது. பின்னாலேயே ஊர் ஓடிவந்தது. களஞ்சியக் கதவைத் திறந்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். முன்வரிசையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உமிதான் இருந்தது.

ராஜா விசயகேது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்ன மாயம் செய்திருக்கிறான். நம் எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டான். அதனால்தான் இந்த நாய் நம் கண்ணுக்குத் தெரியவே இல்லை."

"ஆமாம் மகாராஜா, கண்ணைக் கட்டிவிட்டான்" என்றார் மந்திரி.

"ஆமாம், கண்ணைக் கட்டிவிட்டான்" என்றான் காவல்காரன்.

"ஆமாம், ஆமாம்" என்றாள் சமையல்காரி.

மூலையில் மடங்கிக் கிடந்த பெருச்சாளிக்கு, சாகப்போகிற நேரத்திலும் சிரிப்பு வந்தது. "எனக்குத் தெரிந்ததே இரண்டு மந்திரம். ஒன்றை என்மேல் போட்டுக்கொண்டேன். ஒன்றை இந்த நாய்மேல் போட்டேன். உங்கள் கண்ணை நான் தொடவே இல்லையே" என்றது.

அதற்குமேல் அது பேசவில்லை. தாடி எதற்காகப் பிறந்த ஜாதியோ அதைச் செய்தது. ஒரு கவ்வல், ஓர் உதறல். முடிந்தது.

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உலகாயி முன்னால் வந்தாள். கத்தவில்லை. அவள் இத்தனை மெதுவாகப் பேசி அந்த ஊர் கேட்டதே இல்லை.

"அவன் பெருச்சாளி. நெல் திருடுவது அவன் பிழைப்பு. நீங்கள் மனிதர்கள். மந்திரி ஐயா, அன்றைக்குத் தாடியின் சங்கிலி தடுக்காமல் இருக்க வேட்டியைத் தூக்கிப் பிடித்தீர்களே, அது எந்தக் கண்ணுக்குத் தெரிந்தது? அக்கா, கழுநீர் இதன்மேல் தெறிக்காமல் தள்ளி ஊற்றினாயே, எப்படித் தெரியாமல் ஊற்றினாய்? மகாராஜா, பரிசாக வாங்கியது நீங்கள். அந்த நாய் எங்கே என்று ஒரு நாள் கேட்டீர்களா?"

ராஜா முளைக்குச்சியையும் காய்ந்த சட்டியையும் பார்த்தார். "கேட்கவில்லை" என்றார். பிறகு, "உனக்கு என்ன வேண்டும், கேள். இந்தப் பட்டணத்தையே காப்பாற்றியிருக்கிறாய்" என்றார்.

"காப்பாற்றியது தாடி. அதற்கு என் வீடு இருக்கிறது. எனக்கு வேண்டியது மூன்று. இந்தக் களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தில் கிணறு வெட்டி, கூரை போட்டுக் கொடுங்கள். நோயிலும் நொடியிலும் கிடக்கிற மிருகங்களுக்கு. இது ஒன்று. சேவகர்கள் சுமந்து வந்த சங்கிலிகளை உருக்கி அந்தக் கிணற்றுக்கு ராட்டினம் செய்யச் சொல்லுங்கள். இது இரண்டு. 'எந்த நாய்' என்று கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மிருகத்தை ஏற்று, நாற்பத்தெட்டு நாள் தன் கையால் சோறு போட்டு, புண்ணைக் கழுவி, கடி வாங்க வேண்டும். இது மூன்று."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"கேட்கவே கேட்காதவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்" என்றாள் உலகாயி.

ராஜா மறுபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் சேர்த்தே ஆகட்டும்" என்றார்.

கிணறு வந்தது, கூரை வந்தது. மந்திரிக்கு வந்து வாய்த்தது எல்லோரையும் உதைக்கும் ஒரு கிழட்டுக் குதிரை. ராஜாவுக்குச் சொறி பிடித்த ஒரு குரங்கு. முதல் பத்து நாள் இருவரும் உலகாயியைக் கண்டாலே முறைத்தார்கள். பிறகு குதிரைக்குக் கொள்ளு எத்தனை வேக்காடு வேகவேண்டும் என்று மந்திரியே வந்து கேட்டுப்போனார். அவள் சொன்னாள். சிரிக்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். அவர்களை அத்தனை சீக்கிரம் மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வரவேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை.

தாடி பகலில் களஞ்சியத்தைக் காவல் காத்தது. பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடும். அதட்டிக்குச் சிறகு முளைத்தது. முளைத்த மறுநாள் அது கூடையிலிருந்து இறங்கி, தாடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இனிமேல் என் சோற்றுக்குக் கிட்டே வராதே" என்று கண்டித்துவிட்டு, அதன் முதுகிலேயே சாய்ந்து தூங்கியது. பொதியனும் உலகாயியும் பழையபடி பேசிக்கொண்டார்கள். எந்த வழக்குக்குப் போவதானாலும் அவள் முதலில் மூவரையும், இல்லை, நால்வரையும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

தாடி நிறையக் குரைத்தது. காக்கையைப் பார்த்துக் குரைத்தது, தயிர்க்காரியைப் பார்த்துக் குரைத்தது, காற்றில் ஆடுகிற கொடித்துணியைப் பார்த்துக் குரைத்தது. "உலகாயி, உன் நாயை அடக்கக்கூடாதா, காது வலிக்கிறது" என்று பக்கத்து வீட்டார் சொன்னால், "வலிக்கட்டும்" என்பாள்.

அவர்கள் ஐந்து பேரும் வயிறார உண்டு, வாயாரச் சண்டை போட்டு, வெகுகாலம் வாழ்ந்தார்கள். கதை கேட்ட நீங்களும் அப்படியே வாழுங்கள். ஆனால் எழுந்து போகிறபோது, உங்கள் தெருவில் கட்டிக் கிடக்கிறதே, அதன் சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். எது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியும்.